தறப்பாள் ராசாவும் இணக்க சபையும்

குயில் ரிதம்ஸ் இசைக்குழு உடைந்ததற்குக் காரணம் மழைக்குக் கட்டுகிற ஒரு தறப்பாள். இதை நுவரெலியாவில் இருக்கிற பெரிய மனிதர்களிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் “நீண்டகாலக் கட்டமைப்புசார் முரண்பாடு” என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார்கள். குத்தட்டும். வட்டவளைக்கு மேலே மேல்கணக்குத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் தறப்பாள் என்றுதான் சொல்வார்கள்.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. பாதிக் கச்சேரியில் மழை பிடித்துக்கொண்டது. மேடையில் கிடந்ததோ ஒரே ஒரு தறப்பாள். பாட்டுக்காரன் அழகன் அதை இழுத்து மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தன் தலைக்கும் போர்த்திக்கொண்டான். ஓகன் கீபோர்ட் வாசிக்கிற கஜேந்திரன், “டேய், இங்கிட்டும் கொஞ்சம் இழுடா!” என்று கத்தினான். அழகன் திரும்பிப் பார்க்கவில்லை. சரணத்தில் இருந்தான், அவனை என்ன சொல்ல? ஓகன் ஒரு தடவை வீறிட்டுவிட்டு ஓய்ந்தது. அதற்குப் பிறகு அது வாயைத் திறக்கவே இல்லை.

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா வீடு. நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அழகன் தும்மினால் இந்தப் பக்கம் கஜேந்திரனின் மனைவி லோஜினி, “கசாயம் வச்சுக் குடிங்கண்ணே” என்பாள். சுவரென்றால் அவ்வளவுதான் சுவர்.

அழகன் ‘நியூ குயில் ரிதம்ஸ்’ தொடங்கினான். கஜேந்திரன் ‘ஒரிஜினல் குயில் ரிதம்ஸ்’ தொடங்கினான். ஒன்றில் ஓகன் இல்லை, மற்றதில் குரல் இல்லை, ஆகவே இரண்டையும் யாரும் கூப்பிடவில்லை. வேலையில்லாத கலைஞனுக்கு வாய் சும்மா இருக்குமா? கஜேந்திரன் வட்டவளை ஸ்டேஷனடியில் தன் ஆட்டோவை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடி போனைப் பார்த்துப் பாடி, ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

“தறப்பாளு ராசா, ஏ தறப்பாளு ராசா,
ஊரே நனையுது, ஒனக்கு மட்டும் கூரை வந்துச்சா?
கூப்புட்டுப் பாத்தேன், கொரலு வரல,
கூட்டாளி நின்னேனே, குனிஞ்சு நீ பாக்கல.”

ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர் முதல் தேயிலைக் கொழுந்து மலையில் பெண்கள் வரை இதைத்தான் பாடினார்கள். அழகன் விடுவானா? கொழுந்து லொறி மேல் ஏறி நின்று பதில் பாடினான்.

“வெரலு பத்தும் வெறகுச் சுள்ளி, ஏ ஓகன்காரா,
வேட்டிய மடிச்சுக் கட்டி வந்த வெத்துவேட்டு வீரா!
நான் பாடி முடிச்சு வீட்டுக்குப் போயி படுத்துக்கிட்ட நேரம்
நீ வாசிச்சுக்கிட்டு வருவியேடா ஒரு மைல் தூரம்!”

வெளியூர்க்காரர்களுக்கு இது சண்டை. மேல்கணக்குக்காரர்களுக்கு இது லாவணி. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டாலேயே ஒருத்தர் மானத்தை ஒருத்தர் வாங்குவார்கள். அப்பன், பாட்டன் எல்லாரையும் இழுப்பார்கள். ஆனால் அதற்கொரு முடிவு உண்டு. பதில் கிடைக்காமல் நின்றவன், தன் கையால் பிளேன்டீ ஊற்றி எதிராளிக்குக் கொடுக்க வேண்டும். எதிராளி அதை வாங்கிக் குடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. அதற்குப் பிறகு மனதில் எதையாவது வைத்திருப்பவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

கஜேந்திரன் அடுத்த அடியை எடுத்துவிட்டான்:

“ஒத்தையில பாடிக்க, போடா ராசா,
ஒம் பாட்டுக்கு எவன் வெரலு இனி வரும் ராசா?”

அதற்கு அழகனிடமிருந்து பதில் வரவில்லை. சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

“டேய் கஜா. பதில் சிக்கலடா. நாளைக்கு வா. தேத்தண்ணி நான் ஊத்துறேன்.”

கஜேந்திரனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “சீனி நெறையப் போட்டு வையி” என்றான்.

ஞாயிறு காலை, தேத்தண்ணிக்கு முன்னால் ஜீப் வந்தது.

மலையக இசைக்குழு இணக்க சபை என்று ஒன்று இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. இருந்தது. உடைந்த இசைக்குழுக்களை ஒட்டவைப்பது அதன் பணி. இதுவரை ஒன்றையும் ஒட்டவைக்கவில்லை. ஆனால் ஒட்டவைப்பதற்கான ஏற்பாடுகள் மிகச் சிறப்பாக இருந்தன.

செயலாளர் யோகேஸ்வரன் ஜீப்பிலிருந்து இறங்கினார். மெல்லிய மனிதர், மெல்லிய குரல். கோபமே வராது. அவர் சிரித்தபடி நடந்துவந்தபோது லயத்து நாய்கள் குரைக்காமல் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன.

“மிஸ்டர் கஜேந்திரன், மிஸ்டர் அழகன். ஒங்க பகையை சபை இன்றிலிருந்து பொறுப்பேற்கிறது” என்றார்.

“பகை எல்லாம் ஒன்னுமில்லீங்க சார்” என்றான் கஜேந்திரன். “இப்ப தேத்தண்ணி குடிக்கப் போறோம். தீந்துரும்.”

யோகேஸ்வரனின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “பாத்தீங்களா, இதைத்தான் தவிர்க்க விரும்புறோம். முறைப்படி இல்லாத சமாதானம் நிலைக்காது. சபைத் தலைவர் ஐயாவின் முன்னிலையில், மேடையில், மக்கள் பார்க்க நீங்க கைகுலுக்கணும். அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. புதுப் பாட்டும் கட்டக் கூடாது. இருக்கிற பாட்டுல ஒண்ணை மட்டும் சபை அங்கீகரிக்கும்.”

“பேசினா என்னாங்க சார் செய்வீங்க?” என்று அழகன் கேட்டான்.

“நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம். செய்யாம விடுவோம். கோயில் லவுட்ஸ்பீக்கருக்கு அனுமதி குடுக்க மாட்டோம். மேல்கணக்குல எந்தச் சத்தத்துக்கும் அனுமதி இருக்காது. கல்யாணம், திருவிழா, சாவுக்கு அடிக்கிற தப்பு மேளம், எல்லாம்தான்.” அவர் லயத்துக் கூரைகளை ஒருமுறை பார்த்தார். “பயப்படாதீங்க. பயப்படுற மாதிரி இன்னும் ஒண்ணும் நடக்கல்லியே.”

கெட்டிலில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றியது. அழகனின் மனைவி நாகலெட்சுமி அடுப்பை அணைத்தாள்.

அன்றிலிருந்து மழைக்கோட்டுப் போட்ட சபைக் கண்காணிப்பாளர் ஒருவர் இஸ்தோப்புத் திண்ணையில் இரண்டு வாசலுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை, தேநீர் கொடுத்தால் வாங்குவதுமில்லை. லயத்துச் சனமோ அவரைவிட மோசமாகிவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்க இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் போதும். “அண்ணே, கோயிலு இருக்கு பாத்துக்கங்க”, “தப்பு இருக்குண்ணே” என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் கிளம்பும். அதுவரை இந்தச் சனம் ஒருநாளும் யாரையும் வேவு பார்த்ததில்லை.

ஒத்திகைக்கு நுவரெலியாவுக்குக் கூப்பிட்டார்கள், இருவரையும் வேறு வேறு நாளில். சபைக் கட்டடத்தின் நடு மண்டபத்தில் வெல்வெட் துணிமேல் ஒரு மரக்கை இருந்தது. முழங்கை வரை கடைந்து, தோல் நிறத்தில் வர்ணம் பூசி, நகத்துக்குக்கூட மெருகு போட்டிருந்தார்கள்.

“எதிர்த்தரப்பாருடைய கை” என்றார் யோகேஸ்வரன். “குலுக்குங்க.”

கஜேந்திரன் குலுக்கினான். கை சில்லென்று இருந்தது.

“கொஞ்சம் பகையோட ஆரம்பிங்க. பிறகு மெதுவா அன்பு வரட்டும். எடுத்த உடனே அன்பு காட்டினா படத்துல ஒரு மாற்றமும் தெரியாது.”

“சார், அழகன் கை இப்படி இருக்காதுங்க. நடுவெரலு நுனி இருக்காது, பக்டரி மெசின்ல போயிருச்சு.”

“சபையின் கை முழுமையான கை” என்றார் யோகேஸ்வரன் பெருமையோடு. “இது எல்லா எதிர்த்தரப்புக்கும் பொதுவானது.”

விழாவுக்கு நாள் குறித்தார்கள். தலைவர் ஐயா வெளிநாட்டில் ஓர் இணக்க மாநாட்டுக்குப் போனதால் அது தள்ளிப்போனது. மறுபடி குறித்தார்கள். நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம், மாலைக்குப் பூ இல்லை என்றார்கள். பிறகொரு நாள் எல்லாம் சரியாக இருந்தது, மூடுபனி விலகவில்லை. பனியில் எடுத்த படத்தில் சமாதானம் தெளிவாகத் தெரியாது என்று ஜீப் திரும்பிப் போனது. மாசி வந்தது, அனுமதி வராததால் மேல்கணக்கில் அந்த வருஷம் காமன் எரியவும் இல்லை, எரியாமலும் இல்லை. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் தொடங்கியது.

முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. லோஜினி வாய்வரை வந்த கசாயத்தை விழுங்கிக்கொண்டாள், வாசலில் மழைக்கோட்டு இருக்கிறதே. பிறகு அழகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேல்கணக்கில் இருந்த ஒரே ஆட்டோ கஜேந்திரனுடையது. அவன் அதை எடுத்து வாசலில் நிறுத்தியதும் கண்காணிப்பாளர் முதல் தடவையாக நாற்காலியை விட்டு எழுந்தார். அவ்வளவுதான் செய்தார். நாகலெட்சுமி புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டுவரை நடந்தாள். கஜேந்திரன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். “நானும் ஒரு மனுசன்! நானும் ஒரு மனுசன்!” என்று வாய்விட்டுச் சொன்னான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழகனை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல்கணக்கில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கஜேந்திரன் நுவரெலியாவுக்கு ஓடினான். யோகேஸ்வரன் மரக்கைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், அவன் பொழைக்க மாட்டான். ஒரு தடவ உள்ள போயி பாத்துட்டு வந்துர்றேன். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன். கால்ல விழுறேன் சார்.”

“எழும்புங்க, எழும்புங்க. ஒங்க வேதனை எனக்கு விளங்குது. ஆனா ஒண்ணு விளங்கிக்கோங்க. நோய் தனிப்பட்ட விஷயம். பகை பொது விஷயம். ஒங்களை நம்பித்தான் ஒரு சபையே இருக்கு. சாரதி இருக்கார், கண்காணிப்பாளர் இருக்கார், நான் இருக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு தேத்தண்ணியில முடிச்சிட்டுப் போனா நாங்க எல்லாம் எதுக்கு?”

“அவன் செத்துருவான் சார்.”

“அதையும் சபை யோசிச்சிருக்கு” என்றார் யோகேஸ்வரன் அன்பாக. அவர் கை மெருகு போடுவதை நிறுத்தவில்லை.

அன்று சாயந்தரம் நல்ல மழை. தகரத்தில் விழுந்த இரைச்சலில் இஸ்தோப்பில் இருந்தவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கஜேந்திரன் சுவரோரம் உட்கார்ந்து, பழைய கச்சேரிகளில் அழகன் பாட வருவதற்கு முன் வாசிக்கிற முன்னிசையை விரலால் சுவரில் தட்டினான். பிறகு அந்தப் பக்கமிருந்து, சுவரோடு சுவராக வாயை வைத்துப் பாடுகிற ஒரு குரல். குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சுத்தான். பதில் கிடைத்துவிட்டது அழகனுக்கு.

“நான் பாடி முடிச்சு படுத்துக்கிட்டேன், பக்கத்து வீட்டு ராசா,
நீ வாசிச்சுக்கிட்டே மெல்ல வாடா, அவசரமில்ல ராசா.”

“எப்புடி?” என்றான் அழகன். அந்த நிலையிலும் குரலில் ஒரு மிதப்பு.

கஜேந்திரன் பதில் அடி தேடிச் சுவரில் தாளம் தட்டினான். என்ன பதில் சொல்வது இதற்கு? பாட்டுக் கட்டத் தெரிந்தவன்தான், ஒரு சொல்லும் அகப்படவில்லை.

“தோத்துட்டேன்டா” என்றான் சுவரிடம். “தேத்தண்ணி நான்தான் ஊத்தணும்.”

“வா, ஊத்து. காத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றான் அழகன்.

அவன் வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டான்.

மேல்கணக்கில் தப்புச் சத்தம் இல்லாமல் யாரும் போனதில்லை. பிறந்த நாளிலிருந்து காது கேட்கிற சத்தம், கடைசியில் அது இல்லாமல் எப்படிப் போவது? தப்புக்காரர்கள் வாத்தியத்தைத் தீயில் காய்ச்சி வைத்துக்கொண்டு, அடிக்காமல், மழைக்கோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். வாசலில் தறப்பாள் கட்டி அதன் கீழே அழகனைக் கிடத்தியிருந்தது. மழை விடுகிற மாதிரி இல்லை. தறப்பாள் சின்னது, சனமெல்லாம் வெளியே நனைந்தது.

பத்து மணிக்கு மேல் ஜீப் வந்தது. அதன் பின்னால் கறுப்பு வாகனம் ஒன்று, அதன் பின்னால் கமெராக்காரர்கள். தலைவர் ஐயா வந்தே விட்டார்! உயிரோடு இருந்தவனுக்குக் கிடைக்காத நாள், சாவுக்குக் கூடிய கூட்டத்தைக் கேள்விப்பட்டதும் எப்படியோ கிடைத்துவிட்டது.

தலைவர் நேராகத் தறப்பாளுக்குள் போய் நின்றார். பருத்த உடம்பு, வெள்ளை உடுப்பு. கமெராக்கள் அவரோடு உள்ளே நுழைந்தன. இடம் போதவில்லை என்று நாகலெட்சுமியையும் சொந்தக்காரர்களையும் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள்.

யோகேஸ்வரன் கஜேந்திரனின் காதருகே குனிந்தார். “கைகுலுக்கிட்டா இணக்கம் ஏற்பட்டதா அர்த்தம். தப்பு அடிக்கலாம்.” வெல்வெட் துணியை விலக்கி மரக்கையை எடுத்தார். “மிஸ்டர் அழகனால இப்ப முடியாது இல்லியா.”

கஜேந்திரன் அழகனின் கையைப் பார்த்தான். நடுவிரல் நுனி இல்லாத கை, நெஞ்சின்மேல், எட்டித் தொடுகிற தூரத்தில். பிறகு தப்புக்காரர்களைப் பார்த்தான். மரக்கையைப் பிடித்துக் குலுக்கினான். கமெராக்கள் மின்னின. “கொஞ்சம் அன்பு, கொஞ்சம் அன்பு” என்றார் யோகேஸ்வரன்.

தலைவர் பேசினார்.

“என் அன்பு மக்களே! இந்த இரண்டு கலைஞர்களும் எப்போதோ சமாதானமாகியிருப்பார்கள். அற்பமாக, வீட்டுக்குள்ளே, ஒருவருக்கும் தெரியாமல் ஆகியிருப்பார்கள். அதை நாம் அனுமதிக்கவில்லை! நான் வரும்வரை இந்தப் பகையை ஒரு குழந்தையைப் போல் கட்டிக்காத்தோம். ஒருவர் இறந்தும்கூடப் பகை இறக்கவில்லையே, அது யாருடைய வெற்றி? சபையின் வெற்றி! மற்ற தோட்டங்களிலும் இத்தகைய பகைகளை உருவாக்கி, அவற்றைத் தீர்த்து வைப்போம் என உறுதியளிக்கிறேன்.”

கைதட்டச் சொல்லி யோகேஸ்வரன் சைகை காட்டினார். மழைதான் தட்டியது.

கஜேந்திரனுக்குப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. அவன் அழகனின் அடுப்படிக்குப் போய்க் கெட்டிலை எடுத்து வந்தான். தன் கையால் ஒரு கப்பில் பிளேன்டீ ஊற்றினான். சீனி நிறையப் போட்டான். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தறப்பாளுக்குள் நுழைந்து, அழகனின் தலைமாட்டில் குனிந்தான்.

“பதில் இல்லடா எங்கிட்ட. இந்தா, குடி” என்றான்.

மேலேயிருந்து ஒரு பருத்த கை இறங்கி வந்து கப்பை வாங்கிக்கொண்டது. “நல்ல குளிருக்கு நல்ல தேத்தண்ணி” என்று சொல்லித் தலைவர் ஐயா ஒரே மூச்சில் குடித்து முடித்தார். வாயைத் துடைத்தார். “சீனிதான் கொஞ்சம் கூட.”

அழகனுக்காக ஊற்றிய தேத்தண்ணி. அவன் உதட்டில் ஒரு சொட்டு வைத்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். இனி எந்தக் காலத்திலும் தீராது. கஜேந்திரன் காலியான கையை அப்படியே ஏந்திக்கொண்டு குனிந்து நின்றான்.

பிறகு அவன் பாடினான். தலைவரைப் பார்க்கவில்லை, அழகனின் முகத்தைத்தான் பார்த்தான். ஆட்டோவில் உட்கார்ந்து துள்ளலாகப் பாடிய பாட்டு, இப்போது ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வந்தது.

“தறப்பாளு ராசா, ஏ தறப்பாளு ராசா,
ஊரே நனையுது, ஒனக்கு மட்டும் கூரை வந்துச்சா?
கூப்புட்டுப் பாத்தேன், கொரலு வரல…”

அவன் விட்ட இடத்திலிருந்து லோஜினி எடுத்தாள். அவளோடு பீலிக்கரைப் பெண்கள் எடுத்தார்கள். பிறகு லயமே எடுத்தது. ஆனால் அவர்கள் அழகனைப் பார்த்துப் பாடவில்லை. நனைந்த முகங்கள் எல்லாம் தறப்பாளுக்குக் கீழே, நனையாமல் நின்ற வெள்ளை உடுப்பைப் பார்த்தன. தப்புக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை, அடித்தார்கள்.

தலைவர் முதலில் சிரித்துத் தலையாட்டினார். தாளமும் போட்டார். இரண்டாம் முறை “ஒனக்கு மட்டும் கூரை வந்துச்சா” வந்தபோது தாளம் நின்றது. “என்ன பாட்டு இது?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நாங்க அங்கீகரிச்ச பாட்டுதான் ஐயா” என்றார் யோகேஸ்வரன். அவருடைய மெல்லிய குரல் இன்னும் மெலிந்திருந்தது.

பாட்டு நின்றது. தப்பும் நின்றது. கூட்டம் வழிவிட, நாகலெட்சுமி நனைந்த சேலையோடு தறப்பாளுக்குள் வந்தாள். கெட்டிலைத் தூக்கித் தலைவரின் முன்னால் நீட்டினாள்.

“பதில் இருந்தாப் பாடுங்கய்யா” என்றாள். “இல்லேன்னா ஊத்துங்க. லயத்துல எல்லாருக்கும் ஊத்துங்க.”

மழையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய் ஆளுக்கொரு கப்போடு வந்து நின்றார்கள். வாகனங்களுக்குப் போகிற வழி முழுக்க அவர்கள்தான். தலைவர் திரும்பி யோகேஸ்வரனைப் பார்த்தார். யோகேஸ்வரன் தன் கையிலிருந்த மரக்கையைப் பார்த்தார்.